ஒயர் கூடை, காலை நடை, பேரப்பிள்ளைகள்: உங்கள் வீட்டில் எப்படிப் போகிறது?

மந்தவெளி பாட்டி
மே 9, காலை 7:50

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரிலிருந்து பேத்தி வந்து பத்து நாளாகிறது. ஒன்பது வயது. பள்ளி திறக்கும் வரை என்னோடுதான் இருப்பாள்.

வந்த இரண்டாம் நாள், காய்கறி வாங்க நான் எடுத்துப்போகிற ஒயர் கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது எங்க பாட்டி ஆரம்பிக்குது?" என்று கேட்டாள். முப்பது வருஷமாகக் கூடை பின்னுகிறேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. முடிந்த கூடையில் முதல் முடிச்சைக் காட்ட முடியாது. அடிப்பாகத்து நடு வரிசையில் மற்ற முடிச்சுகளோடு கலந்து போயிருக்கும். காட்ட வேண்டுமென்றால் புதிதாக ஒன்று ஆரம்பிக்கத்தான் வேண்டும். ஆரம்பித்துவிட்டோம்.

பரணிலிருந்து மிச்ச ஒயர்களை இறக்கினேன். பச்சையும் மஞ்சளும் இருந்தன. அளக்க டேப்பைத் தேடினேன். அவள் ஹாலில் தரைக்கல்லைக் காட்டி, "ஒரு கல்லு ரெண்டடி பாட்டி, எண்ணிக்கலாம்" என்றாள். ஐந்து கல் நீளத்துக்கு ஒவ்வொரு ஒயராக நான் பிடிக்க, அவள் வெட்டினாள்.

முடிச்சுதான் வரவில்லை. ஒரு ஒயரை வளைத்து, இன்னொன்றை அதன் மேல் சுற்றி அந்த வளைவுக்குள் நுழைத்து, நான்கு முனையையும் ஒரே அளவாக இழுத்தால் சதுரமாக உட்கார வேண்டும். அவள் போட்டது ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு நாள் என் மடிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன், சரியாகவில்லை. மூன்றாம் நாள்தான் பொறி தட்டியது. இவள் இடது கைக்காரி! எழுந்துபோய் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல என் வலது கை செய்வதை அவளுடைய இடது கை அப்படியே செய்தது. நாலாவது முடிச்சு நச்சென்று உட்கார்ந்தது. அவள் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நானும்தான்.

காலையில் ஐந்தே முக்காலுக்கு இரண்டு பேரும் கிளம்பிவிடுகிறோம். கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டதே, ஏழு மணிக்கு மேல் தெருவில் நிற்க முடியாது. ராமகிருஷ்ண மடம் சாலை வழியாகப் போய், கபாலி கோயில் குளத்தைச் சுற்றி, தெற்கு மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டு திரும்புவோம். பழைய கூடை அவள் கையில்.

உங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்களா? என்ன செய்கிறீர்கள்? எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

ஐசிஎஃப் தாத்தா
மே 9, காலை 10:15

அம்மா, எதிரில் உட்கார்ந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் என் பழைய மேஸ்திரி நினைவுக்கு வந்தார். வெல்டிங் கற்றுக்கொடுக்கும்போது அவரும் எதிரில்தான் நிற்பார்.

நான் பெரம்பூர் இன்டெக்ரல் கோச் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்துவைத்த தொழிற்சாலை. என் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். பேரனுக்கு ஏழு வயது, மாடியிலேயே இருக்கிறான். நாங்கள் அட்டையில் ரயில் செய்கிறோம். செருப்புக் கடைப் பெட்டி ஒன்று ஒரு ரயில் பெட்டி. சோடா மூடி சக்கரம், தென்னங்குச்சி அச்சு. கடையில் விற்கிற கம் வேண்டாம் என்று மைதா காய்ச்சிப் பசை எடுத்தோம். அடுப்பில் கிண்டக் கிண்டக் கட்டி தட்டாமல் வர வேண்டும். அந்த வேலையை அவன் பாட்டி கவனித்துக்கொண்டாள்.

"தாத்தா, வந்தே பாரத் நீங்க பண்ணினதா?" என்று கேட்டான். முதல் வந்தே பாரத் எங்கள் தொழிற்சாலையில் 2018இல் உருவானது. அதற்கு முன்பே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அதைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. "அந்த ஷெட்டுல நான் முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்திருக்கேன்டா" என்றேன். உடனே ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, அட்டை ரயிலின் பக்கவாட்டில் "தாத்தா ஷெட்" என்று எழுதிவிட்டான். அந்தப் பெட்டியை நான் யாரையும் தொடவிடுவதில்லை.

போன ஞாயிறு நியூ ஆவடி ரோட்டில் இருக்கிற ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். வெட்டவெளியில் நிறுத்திவைத்திருக்கிற நீராவி எஞ்சின்களுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று சொல்லச் சொல்ல, அவன் கைவிரலில் எண்ணிக்கொண்டே வந்தான்.

மாம்பலத்துக்காரர்
மே 9, பகல் 12:30

எல்லாம் அருமை. ஆனால் நடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேரக்குழந்தையோடு நடப்பது நடைப்பயிற்சி ஆகாது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான வேகத்தில் உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கும் அதே கணக்குதான். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. பேத்தி கூட வந்தால் பத்தடிக்கு ஒருமுறை நிற்கிறாள். நாய்க்குட்டி, வண்டி, கல், எறும்பு. அரை மணி நேரத்தில் அடுத்த தெருவைத் தாண்டியிருக்க மாட்டோம். அதனால் நான் தனியாகத்தான் நடக்கிறேன். தப்பா?

மந்தவெளி பாட்டி
மே 9, மாலை 4:40

தப்பே இல்லை சார். உங்கள் உடம்பை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று செய்து பாருங்கள். காலை நடை உங்களுக்கு, மாலை நடை அவளுக்கு. மாலையில் எங்கேயும் போய்ச் சேர வேண்டாம். அவள் நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

உங்கள் பக்கம் தூங்குமூஞ்சி மரம் இல்லாத தெருவே கிடையாதே. ஐந்தரை, ஆறு மணிக்கு அதன் அடியில் நின்றால் இலைகள் மடங்குவதைப் பார்க்கலாம். என் பேத்திக்கு நான் அதைக் காட்டியபோது, "மரத்துக்கு யார் பாட்டி டைம் சொல்றாங்க?" என்றாள். இலைக் காம்பின் அடியில் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும். வெளிச்சம் குறையும்போது அதற்குள் நீர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் மாறும், அதனால்தான் இலை மடங்குகிறது. உதிர்ந்த ஓர் இலையை எடுத்து அந்தப் புடைப்பை நகத்தால் தொட்டுக் காட்டினேன். நான் பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்தவள், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

வேளச்சேரி கோலம்
மே 9, இரவு 8:05

பாட்டி, நான் கோலம் பைத்தியம். எங்களுக்கு அடுக்குமாடி வீடு, ஐந்தாவது மாடி. வாசல் என்றால் லிஃப்டுக்கும் கதவுக்கும் நடுவில் நாலடி. ஆனாலும் தினமும் துடைத்துவிட்டுப் போடுவேன்.

எனக்குப் பேத்தி இல்லை, இரண்டு பேரன்கள். பெரியவனுக்குப் பத்து வயது. சிக்குக் கோலத்தில் ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர வேண்டும் இல்லையா? அதுதான் அவனைப் பிடித்துக்கொண்டது. நோட்டில் பென்சிலால் போட்டுப் பார்த்து, கோடு இரண்டாகப் பிரிந்துவிட்டால் அழித்துவிட்டு மறுபடி போடுவான். ஏழு புள்ளி, நாலில் நிறுத்துகிற சந்துப் புள்ளிக் கோலத்தில் மூன்று நாள் உட்கார்ந்தான். நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பி, "பாட்டி, ஒரே கோடு வந்துடுச்சு!" என்றான். அன்றைக்கு வாசலில் அவன் கோலம்தான்.

பக்கத்து வீட்டில் ஒருவர், ஆம்பளைப் பையனுக்கு இதெல்லாம் எதுக்கு என்றார். அன்று முழுவதும் எனக்கு மனசு சரியில்லை. மறுநாள் அவர் கிளம்பும்போது கோலத்தை மிதிக்காமல் ஓரமாகக் காலெடுத்து வைத்துப் போனார். பேரன் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்.

அரிசி மாவில்தான் போடுகிறோம். ஐந்தாவது மாடிக்கும் எறும்பு வந்துவிடுகிறது!

ஐசிஎஃப் தாத்தா
மே 9, இரவு 8:40

உங்கள் பேரன் போட்ட அந்த ஒரே கோட்டுக் கோலத்தைப் படம் எடுத்துப் போடுங்களேன் அம்மா. என் பேரனிடம் காட்ட வேண்டும்.

முல்லைக்கொடி
மே 10, காலை 6:20

இதையெல்லாம் படிக்கும்போது சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் ஏக்கமாகவும் இருக்கிறது. என் மகள் குடும்பம் டாலஸில். பேத்திக்குப் பதினோரு வயது. இப்போது அங்கேயும் இங்கேயும் பத்தரை மணி நேர வித்தியாசம். எனக்குக் காலை ஏழு என்றால் அவளுக்கு முந்தின நாள் இரவு எட்டரை. தினமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் வருவாள். முன்பெல்லாம் "சாப்டியா, ஸ்கூல் எப்படி" என்று இரண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். அவளுக்கும் அலுப்பு, எனக்கும் வேறு என்ன கேட்பது என்று தெரியாது.

போன வருஷம் வந்தபோது குரோஷா ஊசி ஒன்றும் நூல்கண்டு நாலும் கொடுத்தனுப்பினேன். இப்போது ஃபோனை ஜன்னல் ஓரம் சாய்த்துவைத்துவிட்டு நான் இங்கே பின்னுகிறேன், அவள் அங்கே பின்னுகிறாள். பத்து நிமிஷம் பேச்சே இருக்காது. திடீரென்று, "பாட்டி, எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு என்கூடப் பேச மாட்டேங்கிறா" என்பாள். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. நானும் நிமிராமல் கேட்டுக்கொள்வேன்.

ஒரு மேசை விரிப்பு முடியப்போகிறது. பாதி அவளிடம், பாதி என்னிடம். டிசம்பரில் வந்தால் இணைப்போம்.

மந்தவெளி பாட்டி
மே 10, காலை 8:30

முல்லைக்கொடி, கண் கலங்கிவிட்டது. இணைக்கிற அன்றைக்கு அவசியம் எழுதுங்கள்.

அண்ணா நகர் வாசி
மே 10, காலை 9:10

எங்கள் டவர் பார்க்கைச் சொல்லாமல் விடலாமா! அந்தக் கோபுரம் 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது. பல வருஷம் மேலே ஏறவிடாமல் பூட்டியிருந்தார்கள். 2023இல் திறந்ததும் பேரனோடு ஏறினேன். என் மகன் அவன் வயதில் ஏறிய அதே வளைவுப் பாதை. பேரன் மேலே போய் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டியைத் தேடினான். கிடைக்கவில்லை, நடுவில் மரங்கள் உயர்ந்துவிட்டன.

புதுவரவு
மே 10, பகல் 2:15

நான் உங்கள் எல்லோரையும்விடச் சின்னவள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், ஆறு வயது மகளை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். விடுமுறைக்கு ஓவியம், அபாகஸ், நீச்சல் என்று மூன்று வகுப்பில் சேர்த்திருந்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வகுப்பு முடிந்து வந்ததும் பல்லாங்குழியை எடுத்து வைத்துவிடுவார். நான் அதைப் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று இங்கே எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எழுபது. என் மகள் காயை எடுப்பதற்கு முன்பே, அந்தக் கை எந்தக் குழியில் முடியும், அடுத்தது காலியா என்று கண்ணாலேயே எண்ணிவிடுகிறாள். குழியில் நாலு சேர்ந்ததும் "பசு!" என்று கத்தி அள்ளுகிறாள். அத்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கவும் இல்லை. தோற்றால் அழ விடுகிறார், அழுது முடித்ததும் காயை மறுபடி நிரப்பச் சொல்கிறார்.

அபாகஸை நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன். நீச்சல் இருக்கட்டும். ஒரு கேள்வி: ஃபோனை எப்படி விலக்கினீர்கள்? எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு அது இல்லாமல் முடியவில்லை.

வேளச்சேரி கோலம்
மே 10, மாலை 5:00

கண்ணம்மா, "ஃபோனை வை" என்று சொல்லிப் பலன் இல்லை. கையில் வேறு ஒன்று இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு அவளையே பரிமாறச் சொல்லுங்கள். என் சின்னவன் எல்லோர் தட்டிலும் அப்பளம் வைக்கிற வேலைக்காகவே நேரத்துக்கு வந்துவிடுவான்.

மாம்பலத்துக்காரர்
மே 12, இரவு 7:30

பாட்டி சொன்னபடி மூன்று நாளாக மாலையில் பேத்தியோடு போகிறேன். பாண்டி பஜார் பக்கம் நடைபாதை அகலமாக இருக்கிறதே என்று முதல் நாள் அங்கே போனோம். கூட்டத்தில் அவளுக்குப் பிடிக்கவில்லை. நேற்று எங்கள் தெருவிலேயே இருந்துவிட்டோம். பெருங்கொன்றை உதிர்ந்து நிறுத்தியிருந்த ஒரு கார் முழுக்க மஞ்சளாக மூடியிருந்தது. அவள் ஒரு பூவை எடுத்து விரித்துக் காட்டி, "கசங்கின பேப்பர் மாதிரி இருக்கு தாத்தா" என்றாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த மரத்துக்கு அடியில் ஸ்கூட்டர் நிறுத்துகிறேன். பூவின் இதழ் அப்படிச் சுருங்கியிருக்கும் என்று நேற்றுதான் பார்த்தேன்.

ஒரு குறையும் உண்டு. நடைபாதையில் பைக் ஏறி வருகிறது. நேற்று அவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாகிவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு நெஞ்சு படபடத்தது. குழந்தையோடு போகிறவர்கள் குழந்தையைச் சுவர்ப் பக்கம் விட்டு நடங்கள்.

அலையோரம்
மே 12, இரவு 9:20

பெசன்ட் நகரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் கடற்கரைதான் எல்லாம்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை இரவு, பதின்மூன்று வயதுப் பேரனோடு ஆமை நடைக்குப் போனேன். 1988லிருந்து மாணவர்கள் சேர்ந்து நடத்துகிற அமைப்பின் ஏற்பாடு அது. பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து கரையேறி முட்டையிடும். இவர்கள் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து, தடத்தைப் பார்த்து முட்டைகளை எடுத்து, வேலி போட்ட இடத்தில் அதே ஆழத்தில் புதைத்துப் பாதுகாக்கிறார்கள். என் முழங்காலுக்கு முழுத் தூரமும் முடியாது, பாதியில் நின்றுவிட்டேன். அவன் முழுக்க நடந்து விடியற்காலையில் வந்தான். காலெல்லாம் மணல். "தாத்தா, தடம் டிராக்டர் டயர் மாதிரி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனான்.

நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் குஞ்சு வெளியே வரும். ஏப்ரலில் ஒரு மாலை விடும்போது இரண்டு பேரும் போனோம். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. கடல் பக்கத்து வெளிச்சத்தை நோக்கித்தான் அவை ஊரும். ஊர் விளக்கு பளிச்சென்று இருந்தால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். ஒன்று அப்படித் திரும்பியது. பேரன் அதற்கும் தெருவிளக்குக்கும் நடுவில் போய் நிழல் விழும்படி நின்றுகொண்டான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அது மெல்லத் திரும்பிப் போய், ஓர் அலை வந்து எடுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் மொட்டை மாடியில் கடல் பக்கம் இருக்கிற குழல் விளக்கைக் கழற்றிவிட்டான். நாங்கள் இன்னும் போடவில்லை.

முல்லைக்கொடி
மே 13, காலை 7:45

அந்த விளக்கு கதையை இன்று டாலஸ் பேத்திக்குச் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

பசுமை விரும்பி
மே 13, பகல் 11:30

வருத்தப்படாமல் கேளுங்கள் பாட்டி. ஒயர் கூடை பிளாஸ்டிக்தானே? குழந்தைக்குப் பனை ஓலையோ துணியோ கற்றுத்தரலாமே.

மந்தவெளி பாட்டி
மே 13, மாலை 5:15

வருத்தமே இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை. அதற்கு முன்பிருந்தே நான் கேரி பேக் வாங்குவதில்லை, என் கையில் கூடை இருந்ததால். இப்போது தூக்கிப்போகிற கூடை என் மகள் கல்யாணத்துக்கு முன்பு போட்டது. கைப்பிடி மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். ஒயர் அறுந்தால் அந்த ஓர் ஒயரை மட்டும் உருவிப் புதிது சொருகலாம். ஆனாலும் ஒரு நாள் அது குப்பைக்குத்தான் போகும், அதை மறுக்க மாட்டேன். ஓலைக்கு என் கை பழகவில்லை. ஓலை முடைகிற யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள், பேத்தியோடு நானும் கற்றுக்கொள்கிறேன். பழைய பருத்திப் புடவையில் மஞ்சப்பை தைக்கலாம் என்று இருக்கிறோம், மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும்.

ஐசிஎஃப் தாத்தா
மே 13, இரவு 8:00

மெஷின் ஓடவில்லை என்றால் சொல்லுங்கள் அம்மா. பெல்ட் தளர்ந்திருக்கும், பாபினுக்கு அடியில் நூல் துணுக்கு அடைத்திருக்கும். முதலில் அந்த இரண்டையும் பாருங்கள்.

மந்தவெளி பாட்டி
மே 24, இரவு 9:10

கூடை முடிந்தது!

அடி போட நாலு நாள், சுவர் எழும்ப ஏழு நாள். ஒரு பக்கம் பன்னிரண்டாவது வரிசையில் ஒரு மஞ்சளுக்குப் பதில் பச்சை வந்துவிட்டது. பிரித்துப் போடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் பாட்டி, அதுதான் நான் போட்டதுன்னு தெரியும்" என்றாள். விட்டுவிட்டேன். கைப்பிடி மட்டும் நான் போட்டேன், இறுக்கிப் பின்ன அவள் விரலுக்கு வலு போதவில்லை. மிச்ச முனைகளை உள்ளே சொருகும் வேலை முழுக்க அவளுடையது.

இன்று காலை அதோடுதான் மாட வீதிக்குப் போனோம். நான் எப்போதும் கீரை வாங்குகிற அம்மா, கூடையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "யாரு போட்டது?" என்றார். இவள் பதில் சொல்லவில்லை, என் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டாள். அந்த அம்மா இரண்டு கட்டு அரைக்கீரையை வைத்துவிட்டு மேலே ஒரு கொத்து கறிவேப்பிலையும் போட்டார். கொஞ்ச தூரம் வந்ததும், "அவங்களுக்கு ஒண்ணு போட்டுக் கொடுக்கலாமா பாட்டி? என்ன கலர் பிடிக்கும்னு கேட்டு வாங்க" என்றாள். திரும்பிப் போய்க் கேட்டேன். கத்தரிப்பூ நிறம் என்றார்.

ஒயர் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் திரும்பிவிடுகிற மாதிரி பாரிமுனைக்குக் கிளம்புகிறோம். போகும்போது எனக்குக் கட்டணமில்லாத சாதாரண பஸ், திரும்பும்போது அவளுக்காகக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயில். யாருக்காவது ஒயர் வேண்டுமானால் நிறத்தைச் சொல்லுங்கள், வாங்கி வருகிறேன்.

புதுவரவு
மே 24, இரவு 9:35

எனக்குச் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று பாட்டி. அத்தைக்குச் சிவன் கண் முடிச்சு தெரியுமாம், இன்றுதான் சொன்னார்.

மாம்பலத்துக்காரர்
மே 24, இரவு 10:05

பெருங்கொன்றைப் பூவின் மஞ்சள் கிடைக்குமா? பேத்தி கேட்கச் சொன்னாள்.